எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்கிற அம்மாளிடம் போய், "சின்ன வயசுல நீங்க கடைத்தெருவுல தொலைஞ்சு போனீங்களாமே" என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. மைக்கை அணைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எட்டாம் நடைமேடைப் பேருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாலும் போகட்டும். தான் தொலையவே இல்லை என்பது அவள் கட்சி. தான் கடைக்குள் நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை என்றும், தன்னை விட்டுவிட்டு நடையைக் கட்டிய அம்மாவும் கூடப்பிறந்த நாலு பேரும்தான் தொலைந்துபோனார்கள் என்றும் நாற்பத்தைந்து வருடமாகச் சாதித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கட்சியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது அவளுக்குத் தெரியும். போக்குவரத்துப் போலீசில் இருக்கும் அவள் சிநேகிதிக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்றுதான் போன மாதம்வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் பெயர் நாலு. பள்ளிச் சான்றிதழில் வேறு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பெரிய அண்ணன் ஒண்ணு, அக்கா ரெண்டு, சின்ன அண்ணன் மூணு, தம்பி அஞ்சு. பெற்றவர்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் இல்லை. அப்பாவுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் கிடப்பார். சனிக்கிழமை மத்தியானம் ஐந்து உருப்படிகளையும் ஓட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், ஐந்தையும் முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய பொறுப்பு அம்மா தலையில். இரண்டு கையிலும் பை. திரும்பிப் பார்த்தால் பை காலில் இடிக்கும், நடை கெடும். அதனால் அம்மா ஒரு முறை வைத்திருந்தாள். ஒவ்வொரு கடையைவிட்டு வெளியே வந்ததும், ஒவ்வொரு தெருமுனையிலும், முகத்தை முன்னால் வைத்தபடியே "எண்ணுங்க" என்பாள். பின்னாலிருந்து ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று குரல் வரும். வந்துவிட்டால் சரி. அம்மா நடப்பாள். ஒரு தடவைகூட அவள் தலையைத் திருப்பி யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில் இன்றைக்குப் பழைய கடை ஒன்றுகூட மிச்சமில்லை. செருப்புக் கடை செல்போன் கடையாகி, செல்போன் கடை பல் ஆஸ்பத்திரியாகிவிட்டது. போன வருடம் நாலு அங்கே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். வலியில் கண்ணை மூடியபோதும், இந்த நாற்காலி இருக்கிற இடத்தில்தான் அளவுப் பலகை இருந்தது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஜில்லென்ற இரும்புப் பலகை அது. அதில் காலை வைத்தால் கடைக்காரர் ஒரு சட்டத்தை நகர்த்திப் பெருவிரலில் முட்டவைப்பார். புதுச் செருப்பு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும்தான். மற்றவர்களுக்கு மேலேயிருந்து இறங்கிவருவது. ஆனாலும் நாலு ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்று காலை நீட்டிவிடுவாள். கடைக்காரரும் மரியாதையாகச் சட்டத்தை நகர்த்தி, எண்ணைப் படித்து, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அவருடைய அடுத்த வருஷம் கடைசிவரைக்கும் வரவில்லை.

பேக்கரியில் அம்மா உடைந்த பிஸ்கட்தான் வாங்குவாள், பாதி விலை. ஒருநாள் டப்பாவில் ஒன்றுகூட உடையவில்லை. முழுசை உடைந்த விலைக்குக் கொடுக்கமுடியாது என்று பேக்கரிக்காரர் சொல்ல, அம்மா ஓர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. சும்மா நின்றாள். ஐந்து பிள்ளைகளும் கூடவே நின்றார்கள், கடைக்குள் வேறு ஆள் நுழைய வழியில்லை. கால்மணி நேரம் கழித்து அந்த மனுஷன் பெருமூச்சு விட்டு, மாவுக் கட்டையை எடுத்து டப்பாவுக்குள் விட்டு இரண்டு இடி இடித்தார். எழுதுபொருள் கடைக்காரரோ பேனா விற்குமுன் எழுதிப் பார்க்கிறேன் பேர்வழி என்று தன் கையெழுத்தையே போட்டுத் தள்ளுவார். வீட்டுக்கு வந்த பேனாவில் முக்கால்வாசி மைதான் இருக்கும், கால்வாசி அவர் பெயருக்கே போய்விட்டது என்று மூணு சொல்வான்.

கடைசியாகப் போவது பொத்தான் கடை. ஐந்து பேருக்கும் அம்மாதான் வீட்டில் துணி தைப்பாள். நூல், ஊக்கு, ஜிப்பு, பொத்தான் என்று ஏதாவது ஒன்று வாரா வாரம் தீர்ந்துபோகும். தரையிலிருந்து கூரைவரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்துவைத்திருப்பார் பொத்தான்காரர். ஒல்லியான மனுஷன். பேச்சு கிடையாது. எதற்கும் "ம்" என்பார். வாங்க வருகிறவர்களுக்கு அது எரிச்சல். நாலுவுக்கு மட்டும் அந்த "ம்" வேறு மாதிரி காதில் விழுந்தது. மேலே சொல்லு என்கிற மாதிரி.

நாலு வீட்டில் பேசுவதில்லை. பேச வராமல் இல்லை, இடம் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒண்ணு மூத்தவன் என்ற உரிமையில் ஆரம்பிப்பான். ரெண்டு அதைத் திருத்துவாள். மூணு நடுவில் ஒரு ஜோக்கைப் போடுவான். எல்லாரும் சிரித்து முடித்து நாலு வாயைத் திறப்பதற்குள் அஞ்சு தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு அழ ஆரம்பிப்பான். அத்தோடு சாப்பாடு முடிந்துவிடும். அவள் ஊமையோ என்று அத்தை ஒருத்தி அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததுகூட உண்டு.

பொத்தான் கடையில் ஒருநாள் அவள் தன்னையறியாமல், "இந்தப் பச்சைப் பொத்தான் கண்ணு மாதிரி இருக்கு" என்றாள். பொத்தான்காரர் நூல்கண்டிலிருந்து தலையைத் தூக்கி, "யாரோட கண்ணு?" என்று கேட்டார். எட்டு வயதுவரைக்கும் அவளிடம் யாரும் அடுத்த கேள்வி கேட்டதில்லை. யாருடைய கண் என்று யோசித்து முடிப்பதற்குள் அம்மா "எண்ணுங்க" என்றுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வந்து பதில் சொன்னாள். அவர் இன்னொரு கேள்வி கேட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேல் அந்தக் கடையில் அம்மா நிற்பதில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு மனுஷி எதைத்தான் சொல்லிமுடிப்பாள்?

அவள் தொலைந்ததாகச் சொல்லும் அந்தச் சனிக்கிழமை பக்கத்துக் குடைக் கடைக்காரரின் மகள் பொத்தான் கடையில் வேலையில்லாமல் நின்றிருந்தாள். அதே வயது, அதே உயரம். தெருவில் எல்லாக் கடைக்கும் போய்வருவாள், யாரும் தேடமாட்டார்கள். நாலு அவளை ஓரமாக இழுத்துப்போய்ப் பேரம் பேசினாள். தரையில் பொறுக்கிப் பத்திரமாக வைத்திருந்த நங்கூரம் போட்ட பித்தளைப் பொத்தான் இரண்டு, கூலி. செய்யவேண்டியது இவ்வளவுதான். மூணுக்குப் பின்னால், அஞ்சுக்கு முன்னால் நடக்கவேண்டும். "எண்ணுங்க" என்றால், மூணு என்று கேட்டதும் நாலு என்று சொல்லவேண்டும். தெருமுனைவரைக்கும் போதும், அதற்குள் தான் ஓடிவந்துவிடுவதாக நாலு சத்தியம் செய்தாள்.

குடைக்காரர் மகள் சொன்ன சொல் தவறாதவள். கடை வாசலில் நாலு என்றாள். தெருமுனையில் நாலு என்றாள். இவள் ஓடிவரவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை நடுவில் எப்படி விடுவது? பாலத்தடியில் நாலு என்றாள், தபாலாபீஸ் முனையில் நாலு என்றாள், வீட்டுப் படியேறும்போதும் நாலு என்றாள். கை கால் கழுவிக்கொண்டு நாலுவின் நாற்காலியில் உட்கார்ந்து நாலுவின் பங்கு பிஸ்கட்டையும் சாப்பிட ஆரம்பித்தாள். ஒண்ணும் ரெண்டும் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள். மூணு புத்தகத்துக்குள் இருந்தான். முன்னால் நடப்பது வேறு ஒருத்தி என்று அஞ்சுவுக்கு மட்டும் வழியெல்லாம் தெரியும். ஆனால் அவனே அந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தவன், புதிதாக ஒருத்தி சேர்ந்தால் கேள்வி கேட்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தானோ என்னவோ. பிஸ்கட் தீர்ந்துபோய்த் தன் தட்டின்மேல் அவள் கை நீண்டபோதுதான் வாயைத் திறந்தான்.

"இது யாரு?" என்றான்.

குடைக்காரர் மகள் பேரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கேயிருந்து கதை குடும்பச் சொத்தாகிவிட்டது. அம்மா தலைவிரிகோலமாக ஓடினாள் என்பார்கள், நடுத்தெருவில் விழுந்து அழுதாள் என்பார்கள், சொல்கிறவர்களில் ஒருத்தரும் அங்கே இல்லை. நாலு அறிந்த அளவில், குடைக்காரர் மகளை அவள் கடையில் விட்டுவிட்டு அம்மா பொத்தான் கடைக்குள் வந்தாள். வெளியே வெயில் இறங்கியிருந்தது. அடி நிச்சயம் என்று நாலு நினைத்தாள். அம்மாவோ தேவையே இல்லாமல் ஒரு டஜன் வெள்ளைப் பொத்தான் வாங்கினாள். போகிற வழியில் உடையாத பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கி, அவள் கையில் மட்டும் கொடுத்தாள்.

உண்மையைச் சொல்ல அது நல்ல சமயம். நாலு பிஸ்கட்டைப் பிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் காட்டில் மழை. பேருந்தில் ஜன்னல் ஓரம் அவளுக்கு. கேக்கில் பெரிய துண்டு அவளுக்கு. அடுத்த வருடம் செருப்பு அவளுக்குத்தான் என்று அம்மா அறிவித்தாள், ஆனால் அதற்குள் அந்தக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். மற்றவர்கள் முணுமுணுத்தால் அம்மா, "அவளை ஒரு தடவை தொலைச்சிருக்கேன்டா" என்பாள், பேச்சு அத்தோடு அடங்கும். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், "எல்லாப் பிள்ளையும் வந்தாச்சா, இல்ல ஒண்ணை எங்கயாவது வெச்சுட்டு வந்தியா" என்று சித்தி கேட்பாள். அம்மா சிரித்து மழுப்புவாள். நாலு பெரிய துண்டை மென்றுகொண்டு தரையைப் பார்ப்பாள். வெட்கமாக இருக்கும். கேக்கும் நன்றாக இருக்கும்.

ரெடிமேட் துணி வந்தபிறகு அம்மா தையல் மெஷினை மூடிவைத்தாள். அம்மா மாதிரியே எல்லா அம்மாக்களும் மூடிவைத்தார்கள். நாலுவுக்குப் பதினாறு வயதானபோது பொத்தான் கடை மூடியது. இழுப்பறைகளை ஒரு மருந்துக் கடைக்காரர் வாங்கிக்கொண்டு போனார். பரீட்சை நேரம் என்பதால் அவள் பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை, போனபோது கதவில் வெறும் பூட்டு. நியாயமாகப் பார்த்தால் அதுதான் அவள் தொலைந்த நாள். அன்றைக்கு யாரும் அவளைத் தேடவில்லை.

பிறகு அவளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை கிடைத்தது. வாயே திறக்காதவள் ஒரு நாளைக்கு நானூறு அறிவிப்பு சொல்கிறாள், பத்தாயிரம் பேர் கேட்கிறார்கள், ஒருத்தரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. தொலைந்த பிள்ளைகளை அவள் அறைக்குத்தான் கொண்டுவந்து விடுவார்கள். பெயர், ஊர் கேட்பதற்கு முன்னால் அவள், "நீயா நின்னியா, அவங்களா போயிட்டாங்களா?" என்று கேட்பாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடும்.

அப்பா காலமானபிறகு அம்மா பெரிய அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். போன மாதம் அண்ணன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மகளோடு வேறு தேசத்துக்குப் போக முடிவாயிற்று. எழுபத்தெட்டு வயது அம்மா இனி யாரோடு என்று பேச ஐந்து பேரும் கூடினார்கள். அக்கா தன் வீட்டு மாடிப்படி செங்குத்தானது என்பதை மூன்று தடவை சொன்னாள். சின்ன அண்ணன் ஜோக் ஒன்று சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. தம்பி தரையைப் பார்த்தான். நாலு வாயைத் திறக்கவே இல்லை. அம்மா தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பிறந்ததிலிருந்து அம்மாவில் ஐந்தில் ஒரு பங்குதான் அவளுக்குக் கிடைத்திருக்கிறது, அதிலும் முதுகுப் பக்கம்.

"நாலுகிட்டப் போறேன்" என்றாள் அம்மா. "அவளை ஒரு தடவை தொலைச்சவ நான். இருக்கிற காலத்துல அவ கூடவே இருந்துட்டுப் போறேன்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். நாலுவுக்கு ஒரு பக்கம் கால் தரையில் பாவவில்லை, மறுபக்கம் முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் நேராகப் போலீஸ் சிநேகிதியிடம், அதே குடைக்காரர் மகளிடம் போனாள். அவள் நாற்சந்தியில் நின்று கையை நீட்டி லாரியை நிறுத்தியபடியே கேட்டாள்.

"இப்ப போய் எதுக்குடி சொல்லணும்? வர்றாங்க, வரட்டும்."

"என்னைத் தொலைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு வர்றாங்க. நான் தொலையலையே. பொய்யச் சொல்லி அழைச்சுட்டுப் போற மாதிரி இருக்கு."

"சொன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அதுதான் பயமா இருக்கு."

"அப்ப சொல்லாத."

"தூக்கம் வரமாட்டேங்குது."

"அப்ப சொல்லு." சிநேகிதி லாரியைப் போகவிட்டாள். "எதுவா இருந்தாலும் என் பேரை இழுக்காத. யூனிஃபார்ம்ல இருக்கேன்."

அம்மாவை அழைத்துப்போகத் தம்பி வண்டியோடு கீழே நின்றான். மேலே நாலு அம்மாவுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுக்கிய துணியையே எடுத்து எடுத்து மறுபடி அடுக்கினாள். கடைசியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள். குடைக்காரர் மகள், பித்தளைப் பொத்தான், தெருமுனைவரைக்கும் என்ற ஒப்பந்தம், ஓடாமல் நின்றது, பெரிய துண்டுகள் எல்லாம் சேர்த்து. சொல்லி முடித்துவிட்டு, "அக்கா வீட்டுக்குப் போறதுன்னாலும் தம்பி கொண்டுபோய் விடுவான்" என்றாள்.

அம்மா ஒரு சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத தடவை எண்ணினப்பவே தெரியும். நான் பெத்த குரல் எனக்குத் தெரியாதா? நீ சொல்ற நாலு பாதித் தொண்டையிலேயே நின்னுடும். அந்தப் பொண்ணு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னா."

"அப்ப ஏன் திரும்பல?"

"ரெண்டு கையிலயும் பை. பின்னாடி மத்த நாலு பேரு. திரும்பினா உன் தம்பி நடுத்தெருவுல உக்காந்துடுவான். பொத்தான்காரர் நல்ல மனுஷன், உன்னை வெளிய விடமாட்டார். இவங்களை வீட்ல விட்டுட்டு, திரும்பி வந்து உன் முதுகுல நாலு வைக்கலாம்னுதான் இருந்தேன்."

"வைக்கலையே."

அம்மா சால்வையைப் பெட்டியில் வைத்தாள். "கடை வாசல் வரைக்கும் கையை ஓங்கிக்கிட்டுத்தான் வந்தேன். கண்ணாடி வழியா பாத்தா, நீ பேசிக்கிட்டு இருக்கே. ஸ்டூல் மேல ஏறி நின்னு, கையை ஆட்டி, யார் மாதிரியோ நடிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கே. அந்த ம்முங்கற மனுஷன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். எட்டு வருஷத்துல உன் வாயிலேருந்து அத்தனை வார்த்தை நான் கேட்டதில்ல. கதவைத் திறந்தா நீ நிறுத்திடுவேன்னு தெரியும். அதனால வெளியவே நின்னேன். இருட்டப் போகுதேன்னுதான் உள்ள வந்தேன்."

நாலு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷமா சித்தி அப்படிப் பேசினாங்களே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? எம் பொண்ணு வீட்ல வாயைத் திறக்கமாட்டா, கடைக்காரர்கிட்டதான் பேசுவான்னா? தொலைச்சுட்டேன்னு சொல்றதே தேவலாம்னு இருந்துட்டேன்."

"அதுக்குத்தான் ஜன்னல் சீட்டு, கேக்கு எல்லாமா?"

"வேற என்ன குடுக்குறதுன்னு தெரியல. அஞ்சு பேரு நடுவுல உன்னை மட்டும் உக்கார வெச்சு எப்படிக் கேக்குறது? இப்ப உன் வீட்ல பகல்ல யாரும் இல்ல, நீயும் மூணு மணிக்கு வந்துடறே. அதான் வரேன்னேன்." அம்மா கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு அவர்கிட்ட என்னதான் சொல்லிக்கிட்டு இருந்தே? நாற்பத்தஞ்சு வருஷமா கேக்கணும்னு இருக்கு."

நாலுவுக்கு ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. வாயில் ஏழு ஊசியைக் கடித்துக்கொண்டு கத்தரிக்கோலைத் திட்டுவது. அளவெடுக்கும்போது மூச்சை விடாதே என்று சொல்லிவிட்டுத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கப்பலிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் மூன்று நாள் மெஷின் மேலேயே வைத்திருப்பது.

"உன்னைப் பத்தித்தாம்மா" என்றாள். "வேற யாரு கதை எனக்குத் தெரியும்?"

கீழே தம்பி மூன்றாவது தடவையாக ஹாரன் அடித்தான். அம்மா ஜன்னலருகே போய், "இருடா, வர்றோம்" என்று சொல்லிவிட்டு வந்து, கட்டிலில் நாலுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து சொல்லு" என்றாள்.